உடுத்தும் ஆடையும் உதிரும் சொல்லும்



 



பெருநாள் நெருங்கும் காலங்களில் எமது வீடுகளில் வழமையாக எழுகின்ற ஒரு சச்சரவு உண்டு. மகள் தெரிவு செய்த ஹபாயா உடலோடு ஒட்டியிருக்கிறது என்பார் உம்மா. இன்று எல்லோரும் அணிவது இதைத்தான் என்பாள் மகள். மகனின் டெனிம் முழங்காலில் கிழிந்திருக்கிறது. இதைக் காசு கொடுத்தா வாங்கினாய் என்று கேட்பார் வாப்பா. பேச்சு துணியில்தான் தொடங்கும். சற்று நேரத்தில் துணி மறக்கப்பட்டுவிடும். நீ எப்போதும் இப்படித்தான் என்று ஒருவர் சொல்வார். உங்களுக்கு என்ன தெரியும் என்று மற்றவர் சொல்வார். அந்த ஆடை வாங்கப்படும், அல்லது வாங்கப்படாமல் போகும். இரண்டு வருடங்களில் அது பழந்துணியாகியும் விடும். அன்று சொன்ன சொல் மட்டும் பழசாவதில்லை.

ஆடையின் சட்டங்களைப் பற்றி எமது மிம்பர்களிலும் வானொலியிலும் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. ஆடை விடயத்தில் கருத்து வேறுபடும்போது எவ்வாறு பேசுவது என்பது பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. இன்று அதனையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மார்க்கம் விதித்த எல்லை இருக்கிறது, அது மாறுவதில்லை. ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. பெண் அந்நிய ஆண்களுக்கு முன்னால் முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் தவிர ஏனையவற்றை மறைக்க வேண்டும்; முகத்தை மறைப்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உடல் தெரியும் அளவு மெல்லியதாகவோ, அங்க அமைப்பைக் காட்டும் அளவு இறுக்கமாகவோ ஆடை இருக்கலாகாது. இவற்றில் பேரம் பேச எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் இந்த எல்லையை நிறைவேற்றுகின்ற துணியின் பெயர், நிறம், வெட்டு, தையல் ஆகியன காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறி வந்திருக்கின்றன. எல்லையையும் துணியையும் ஒன்றெனக் கருதும்போதுதான் அநேகமான சண்டைகள் பிறக்கின்றன.

எமது நாட்டின் வரலாற்றையே பாருங்கள். எமது பாட்டன்மார் அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பியைச் சமூகத்தின் பாரம்பரிய அடையாளமென்று நாம் எண்ணுகிறோம். மணமகன் அதனை அணிந்திருக்கும் பழைய திருமணப் புகைப்படங்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. எகிப்தின் ஒராபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். அவரது செல்வாக்கினால்தான் அத்தொப்பியும் அதனோடு காற்சட்டையும் எமது முன்னோரிடையே பரவலாயின. அதாவது, எமது 'பழைய வழக்கம்' ஒரு காலத்தில் புதிய நாகரிகமாக வந்திறங்கிய ஒன்றே. அன்றைய பெரியவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டு முகம் சுளித்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

பெண்களின் உடையும் அவ்வாறே. எமது உம்மம்மாமார் சேலை உடுத்தி, அதன் தலைப்பினால் முக்காடிட்டார்கள். அதனோடேயே தொழுதார்கள், சந்தைக்குச் சென்றார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். 1977இன் பின்னர் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் திரும்பி வந்தபோதும், மார்க்கக் கல்வி பரவலானபோதும் ஹபாயா படிப்படியாக வந்தது. சேலையை விட அது இலகுவாக உடலை மறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தொடக்கத்தில் கறுப்பாக, அகலமாக, அலங்காரமின்றி இருந்த அந்த உடையே இன்று கல் பதித்து, இடுப்பில் இறுக்கித் தைக்கப்பட்டு, தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடைகளில் தொங்குகிறது. ஆக, பெயர் எதற்கும் உத்தரவாதமில்லை.

எனவே பெற்றோர்களே, வாயைத் திறப்பதற்கு முன்னர் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது தடுக்கப்போவது அல்லாஹ் தடுத்ததையா, எனக்குப் பிடிக்காததையா? மகனது டெனிமின் கிழிசல் முழங்காலுக்கு மேலே தொடையில் இருந்தால் அது மார்க்கப் பிரச்சினை. கீழே இருந்தால் அது ரசனைப் பிரச்சினை. உங்கள் ரசனையைச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு ஹராம் என்ற முத்திரையைக் குத்துவதற்கு உரிமை இல்லை. இன்னுமொன்று. மகளின் சட்டைக் கை ஓர் அங்குலம் ஏறியிருப்பதைக் காணும் கண்கள், மகன் தொடை தெரியும் காற்சட்டையோடு பந்து விளையாடிவிட்டு வீதியால் நடந்து வருவதைக் காண்பதில்லை. இந்த ஓரவஞ்சனையைப் பெண்பிள்ளைகள் நன்கு கவனிக்கிறார்கள். மார்க்கத்தின் பேரில் அவர்களுக்கு ஏற்படுகின்ற கசப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

இப்பொழுது பள்ளிவாசலுக்கு வருவோம். ஓர் இளைஞன் மஃரிபுக்கு வருகிறான். முதுகில் பெரிய எழுத்துகளும் படமும் அச்சிடப்பட்ட டீஷேர்ட். தலையில் தொப்பியும் இல்லை. பின் ஸப்பில் நிற்பவருக்கு அந்த எழுத்துகளை வாசிக்காமல் இருக்க முடியவில்லை. இது உண்மையான இடையூறுதான். ஸலாம் கொடுத்த மறுகணமே பெரியவர் ஒருவர் எல்லோரும் கேட்கும்படி உரத்த குரலில், இது பள்ளிவாசலா சினிமாக் கொட்டகையா என்று கேட்கிறார். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுகிறான். மறுநாள் அவன் நல்ல சேர்ட் அணிந்து வருவான் என்று அப்பெரியவர் எதிர்பார்க்கிறார். அவன் வருவதேயில்லை.

இதே பிரச்சினை நபி (ஸல்) அவர்களுக்கும் ஏற்பட்டது. அபூ ஜஹ்ம் (ரழி) என்ற தோழர் வேலைப்பாடுகள் கொண்ட போர்வையொன்றை அவர்களுக்கு அன்பளிப்புச் செய்திருந்தார். அதனை அணிந்து தொழுதபோது அதன் கோலங்கள் அவர்களது கவனத்தை ஈர்த்தன. தொழுது முடித்ததும், அதனை அபூ ஜஹ்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடற்ற தடித்த போர்வையை வாங்கி வருமாறு பணித்தார்கள். அன்னை ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. இடையூறு தந்த துணியைத் திருப்பி அனுப்பியதோடு விடயம் முடிந்திருக்கலாம். அவரிடமிருந்தே மற்றொரு போர்வையை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? அன்பளிப்பு நிராகரிக்கப்பட்டதென்று அத்தோழரின் உள்ளம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகவே என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆடை மாற வேண்டும். ஆடையைத் தந்தவரின் மனம் நோகவும் கூடாது. இரண்டையும் அவர்கள் ஒரே செயலில் செய்து முடித்தார்கள்.

அந்த இளைஞனை வெளியே செருப்பணியும் இடத்தில் தனியாகச் சந்தித்து, தோளில் கை வைத்து, மகன், பின்னால் நிற்பவர்களுக்குக் கவனம் சிதறுகிறது, அடுத்த முறை வெறும் சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வாசலருகே இரண்டு துப்பரவான சேர்ட்களைத் தொங்கவிட்டாலும் காரியம் முடியும். தொப்பியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. தலையை மறைத்துத் தொழுவது சிறந்தது. மறைக்காதவரின் தொழுகை செல்லும். இது ஒரு வரியில் முடிய வேண்டிய விடயம். ஆனால் இதுபோன்ற கிளைப் பிரச்சினைகளுக்காகத் தனித்தனி ஜமாஅத்துகளாகப் பிரிந்து, ஸலாம் சொல்வதையும் நிறுத்திக்கொண்ட ஊர்கள் எம்மிடையே உள்ளன. மார்க்கக் கருத்து முரண்பாடு முற்றி, 2009 ஜூலையில் பேருவளையில் பள்ளிவாசலொன்று தாக்கப்பட்டு, முஸ்லிமின் கையாலேயே முஸ்லிமின் உயிர் பறிபோனதை நாம் மறந்துவிடலாகாது. அதுவும் என்றோ ஒருநாள் வெறும் சொற்களாகத்தான் தொடங்கியிருக்கும்.

உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவர்க்கம் நுழைய மாட்டார் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, தோழர் ஒருவருக்கு ஐயம் எழுந்தது. மனிதன் தன் ஆடையும் பாதணியும் அழகாயிருப்பதை விரும்புகிறானே, அதுவும் பெருமையா என்று கேட்டார். அல்லாஹ் அழகை விரும்புகின்றவன். பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே என்று அவர்கள் விளக்கமளித்தார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிப்பதாகும். கேள்வி ஆடையைப் பற்றியது. விடையோ கருத்து வேறுபாட்டின்போது நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது! அழகிய சேர்ட் அணிந்தவனிடம் பெருமை இல்லாதிருக்கலாம். ஒட்டுப்போட்ட ஜுப்பாவோடு நிற்பவர், தன்னிடம் எடுத்துச் சொல்லப்பட்ட நியாயத்தை ஏற்க மறுத்து, எதிரில் நிற்பவரை இழிவாகப் பார்த்தால் பெருமை அவரிடம்தான் இருக்கிறது.

இளைஞர்களே, நீங்களும் இதனைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும்தான் கடுஞ்சொல் பேசுகிறார்கள் என்பதில்லை. வகுப்புகளில் நான்கு ஹதீஸ்களைக் கற்றுக்கொண்ட பின்னர், ஐம்பது வருடங்களாக முக்காடிட்டுத் தஹஜ்ஜுத் தொழுத உம்மம்மாவைப் பார்த்து, நீங்கள் உடுத்துவது ஹிஜாபே இல்லை என்று சொல்கின்ற பேத்திகள் இருக்கிறார்கள். வாப்பாவின் சாரம் கரண்டைக்குக் கீழே தொங்குவதைச் சுட்டிக்காட்டி, நரகத்தை நினைவூட்டுகின்ற மகன்மார் இருக்கிறார்கள். அபூபக்கர் (ரழி) அவர்கள், தனது கீழாடையின் ஒரு பக்கம் கவனிக்காவிடில் தானாகவே இறங்கிவிடுகிறது என்று முறையிட்டபோது, பெருமைக்காக அதைச் செய்பவர்களில் நீங்கள் இல்லை என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். அதே ஹதீஸ் கிரந்தத்தில்தான் இந்தச் செய்தியும் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டாமல் பாதியில் எழுந்து வந்தால் இப்படித்தான் ஆகும்.

இப்றாஹீம் (அலை) அவர்களது தந்தை சிலைகளை வணங்கியவர். அதைவிடப் பெரிய வழிகேடு உலகில் இல்லை. அத்தகைய தந்தையிடம் அவர்கள் பேசிய பேச்சை ஸூரத்து மர்யமில் ஓதிப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்தையும் என்னருமைத் தந்தையே என்ற விளிப்போடு ஆரம்பிக்கிறார்கள், நான்கு தடவைகள். தந்தை கல்லெறிவேன் என்று மிரட்டியபோதும் ஸலாம் கூறிவிட்டே விலகுகிறார்கள். சிலை வணங்கிய தந்தைக்கே இந்தக் கண்ணியம் என்றால், சாரம் சற்று இறங்கிய வாப்பாவுக்கு எவ்வளவு?

வீதிக்கு வருவோம். இறுதி ஹஜ்ஜின்போது பழ்லு இப்னு அப்பாஸ் (ரழி) என்ற இளைஞர் நபியவர்களுக்குப் பின்னால் அதே வாகனத்தில் அமர்ந்திருந்தார். கஸ்அம் கோத்திரத்து இளம்பெண் ஒருவர் வந்து, வயோதிபத் தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று வினவினார். பழ்லு அப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பெண்ணும் அவரைப் பார்த்தார். நபி (ஸல்) அவர்கள் தமது கையால் பழ்லுடைய முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள். அப்பெண்ணின் கேள்விக்கு விடையும் அளித்தார்கள். மக்கள் கூடியிருந்த அவ்விடத்தில் அப்பெண்ணையோ அந்த இளைஞரையோ பார்த்து ஒரு கடுஞ்சொல் வெளிவரவில்லை. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஸூரத்துந் நூரில் முதலில் ஆண்களுக்கே வருகிறது; பெண்களுக்கு அடுத்த வசனத்தில்தான். எமது நாட்டில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது போலும்.

காலிமுகத்திடலிலோ கடைத்தொகுதியிலோ நிற்கும் பர்தா அணிந்த ஒரு பிள்ளையைத் தூரத்தில் நின்று படமெடுத்து, இது யாருடைய மகள் என்று கேட்டு வட்ஸ்அப்பில் அனுப்புகின்றவர்கள் இருக்கிறார்கள். சமூகத்தைத் திருத்துகிறோம் என்பது அவர்களது நியாயம். அருகில் நிற்பவர் அவளது சகோதரனா, கணவனா, வகுப்புத் தோழனா என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒழுக்கமுள்ள பெண்ணின் மீது அவதூறு சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி என்று அல்குர்ஆன் விதித்திருப்பது, இத்தகைய நாவுகளுக்கு அஞ்சித்தான். அந்தப் படத்தைப் பெற்று அடுத்தவருக்கு அனுப்புகின்ற விரலும் அப்பாவத்தில் பங்குபெறும். அப்படத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகலாம், திருமணப் பேச்சு முறியலாம், அதைவிடவும் மோசமானது நிகழலாம். உங்களுக்கு அப்படி ஒன்று வந்தால் அழித்துவிடுங்கள். அனுப்பியவருக்கு, ஏன் அழித்தேன் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

பிற சமூகத்தவரோடு எழுகின்ற பிணக்குகளிலும் ஆடை அடிக்கடி நடுவில் நிற்கிறது. 2018 ஏப்ரலில் திருகோணமலையில், பாடசாலையொன்றுக்கு முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா அணிந்து வந்தமை தொடர்பில் பெரும் சர்ச்சை எழுந்தது. சேலையே எமது பாடசாலையின் மரபு என்றார்கள் ஒரு தரப்பினர். விரும்பிய ஆடை எமது உரிமை என்றார்கள் மறுதரப்பினர். இரண்டும் அமர்ந்து பேசக்கூடிய வாதங்கள். ஆனால் சமூக வலைத்தளங்களில் தமிழ் மொழியிலேயே ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட ஏச்சுகள், பல தலைமுறைகளாக அயலவராக வாழ்ந்தவர்களின் உள்ளங்களில் ஆழமான காயங்களை உண்டாக்கின. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் நிலைமை இன்னும் மோசமானது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. முகத்தை மூடாமல் பர்தா மட்டும் அணிந்த சகோதரிகளும் பல இடங்களில் வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். அந்த மே மாதத்தில் ஹசலக்கவில், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்ட ஆடையை அணிந்திருந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச்சக்கரம் எனக் கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். துணியிலிருந்த ஒரு சித்திரம்! அதை என்னவென்று அமைதியாகக் கேட்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

அநீதி இழைக்கப்பட்டால் வாய்மூடி இருங்கள் என்று நான் சொல்லவில்லை. 1905ஆம் ஆண்டில் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்கு மறுப்புத் தெரிவிக்கப்பட்டது. ஆங்கிலேயரின் முறையில் தலையைத் திறப்பது மரியாதை. எங்களுடைய முறையில் தலையை மறைப்பது மரியாதை. இரு தரப்பும் மரியாதையைத்தான் நாடின, ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு அவமரியாதையாகத் தெரிந்தது. எமது முன்னோர் என்ன செய்தார்கள்? அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூட்டினார்கள். மனுக்கள் எழுதினார்கள். தமது நியாயத்தைச் சட்டத்தின் மொழியில், மரியாதையின் மொழியில் எடுத்துரைத்தார்கள். அந்த உரிமை கிடைத்தது. 2019 மே இறுதியில் அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரியே அணிய வேண்டுமென வெளியான சுற்றறிக்கையும் முறைப்பாடுகளின் பின்னர் திருத்தப்பட்டது. பஸ்ஸில் ஏசியதால் அது திருத்தப்படவில்லை. பிர்அவ்னிடம் செல்லும்போதே மென்மையாகப் பேசுங்கள் என்று மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் அல்லாஹ் பணித்தான். வாசலில் நிற்கும் காவலாளி பிர்அவ்ன் அல்லர். அவர் யாரோ கொடுத்த உத்தரவை நிறைவேற்றுகிறார். உங்கள் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு, மேலதிகாரியிடம் செல்லுங்கள்.

எங்கள் ஷாபிஈ இமாம் அவர்களைப் பற்றி அவர்களது மாணவர் யூனுஸ் அஸ்ஸதபி சொல்கிறார். ஒருநாள் ஒரு மஸ்அலாவில் இருவருக்கும் வாதம் ஏற்பட்டுப் பிரிந்தார்கள். பின்னர் சந்தித்தபோது இமாமவர்கள் யூனுஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு விடயத்தில் உடன்படாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருக்கக் கூடாதா என்று கேட்டார்களாம். கையைப் பிடித்தவர் ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள். பெரியவரே முதலில் கையை நீட்டினார்.

எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் பிள்ளைகள் கேட்பதில்லையே, என்ன செய்வது என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. விருந்தினர் முன்னிலையில் சொல்லாதீர்கள். கோபமாக இருக்கும்போது சொல்லாதீர்கள். ஒரு தடவை காரணத்தோடு சொல்லிவிட்டு இடைவெளி விடுங்கள். முடியுமாயின், வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் ஒரு மாற்றுவழியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நபி (ஸல்) அவர்கள் உஸாமா (ரழி) அவர்களுக்கு எகிப்தியத் துணியொன்றை அன்பளிப்புச் செய்தார்கள். அதை நீர் அணியவில்லையா என்று பிறகு விசாரித்தபோது, மனைவிக்கு அணியக் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். அது மெல்லிய துணி; உடலின் அமைப்பைக் காட்டிவிடக்கூடியது. நபியவர்கள் அதைக் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே இன்னொரு துணியை அணிந்துகொள்ளுமாறு மனைவியிடம் சொல்லும்படி பணித்தார்கள். அஹ்மத் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது. துணியும் வீணாகவில்லை, எல்லையும் மீறப்படவில்லை, தன் வீட்டுக்கு வந்த அன்பளிப்பை அந்தப் பெண் தொடர்ந்தும் அணியக்கூடியதாக இருந்தது.